பழைய பெற்றோலும் பீலித் தண்ணீரும்

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கொழுந்தின் கணக்கை எழுதியுள்ளனர். கூலியின் கணக்கை எழுதியுள்ளனர். கடல் கடந்து வந்து காட்டு வழியில் மடிந்தோரின் கணக்கையும் ஓரளவு எழுதியுள்ளனர். எண்ணெயின் கணக்கை எழுதியவர் அரியர். அதிலும், எரிந்து பயன்தந்த எண்ணெயை விட்டுவிட்டு, எரியாமல் எஞ்சிப் பழுதாகிப்போன எண்ணெய் எங்கே ஊற்றப்பட்டது என்று கேட்டவரை நாம் கண்டதில்லை. கேள்வி சிறியதுதான். ஆயினும் அதன் பின்னே நடந்து சென்றால், தோட்டத்தின் மேட்டிலிருந்து பள்ளம்வரை நாம் இறங்கிப் பார்க்க நேரிடுகிறது.

சில காலத்துக்கு முன்பு, ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில், பங்களாவின் பின்புறத்துத் தகரக் கொட்டகை ஒன்றைக் கண்டோம். உள்ளே காற்றிழந்த சக்கரங்களோடு ஒரு பழைய ஜீப் நின்றது. அதனருகே ஓடாத மோட்டார் சைக்கிள் இரண்டும், புல்வெட்டும் இயந்திரம் ஒன்றும், மூலையில் துருப்பிடித்த பீப்பாய் ஒன்றும் கிடந்தன. கொட்டகையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “ஜீப்ப விக்கப் போறாங்களாம். டாங்கியக் காலி பண்ணச் சொன்னாங்க. பழைய பெற்றோலு, எஞ்சினுக்கு ஆகாதுன்னாங்க. கான்ல ஊத்திட்டேன்” என்றார்.

அந்தக் கானோடு நாமும் நடந்தோம். தேயிலைச் செடிகளினூடே அது சரிந்து இறங்கிற்று, கற்படிகளைக் கடந்தது, ஒரு சிற்றோடையிற் கலந்தது. அந்த ஓடையின் நீரைத்தான் கீழே லயத்தார் குழாய் வைத்துப் பீலியாக வடித்திருந்தனர். மலையிலிருந்து திரும்பிய பெண்கள் அங்கே குடங்களை ஏந்தி நின்றார்கள். ஊற்றியவரின் வீடும் அந்த லயத்திலேதான் இருந்தது.

அம்முதியவரைக் குற்றஞ்சாட்ட நாம் இதனை எழுதவில்லை. ஊற்றென்று சொன்னவருக்கு, வேறெங்கே ஊற்றுவது என்று சொல்லவேண்டிய கடமை இருந்தது. அந்தக் கடமை யாருடையது, அது ஏன் இத்தனை காலமும் எவருடையதாகவும் இல்லாமற் போயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பெற்றோலின் பிறப்பை நோக்குவோம். இன்று நாடுகளின் தலைவிதியை ஆட்டிவைக்கும் இத்திரவம், பிறந்தபொழுது ஒரு கழிவாகவே பிறந்தது. 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில் என்னுமிடத்தில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியபோது, முதலாளிமார் தேடியது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயை. நிலத்தெண்ணெயைக் காய்ச்சி வடிக்கையில் மண்ணெண்ணெய்க்கு முன்னதாக ஆவியாகி இறங்கும் மெல்லிய பகுதி ஒன்றுண்டு. விளக்கில் இட்டால் அது வெடித்தது; ஆகவே விற்பனைக்கு ஆகவில்லை. கிளீவ்லாந்து நகரத்துச் சுத்திகரிப்பு ஆலைகள் அதனைக் கயகோகா ஆற்றில் ஊற்றின. ஆற்றின் நீர்ப்பரப்பே தீப்பற்றி எரிந்த செய்திகள் 1860களிலிருந்து உண்டு. அந்த ஆறு 1969ஆம் ஆண்டு சூன் மாதத்தில் மீண்டும் எரிந்தபோதுதான் அமெரிக்க மக்களின் மனச்சாட்சியும் ஓரளவு சுட்டது.

ஊற்றப்பட்ட அந்தக் கழிவுதான் பெற்றோல். 1886ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்றார். 1888ஆம் ஆண்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் அவ்வண்டியிலே நெடும்பயணம் புறப்பட்டபோது, வழியில் எரிபொருளை ஒரு மருந்துக்கடையிலேதான் வாங்க முடிந்தது. கறை நீக்கும் திரவமாக அது அங்கே விற்கப்பட்டது. பயன் கண்டதும் கழிவு சரக்காயிற்று, சரக்கு செல்வமாயிற்று. ஆனால் இலாபம் தராத எஞ்சிய பங்கை அருகிலுள்ள நீரில் ஊற்றிவிடும் அப்பழைய வழக்கம், சரக்கோடு கூடவே கப்பலேறி உலகெங்கும் சென்றது.

மலையகத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது மண்ணெண்ணெய். 1892ஆம் ஆண்டில் மார்க்கஸ் சாமுவேலின் ‘மியூரெக்ஸ்’ என்னும் கப்பல், மண்ணெண்ணெயைத் தகரங்களில் அடைக்காமல் மொத்தமாக ஏற்றிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. பின்னர் ‘ஷெல்’ என்று உலகறிந்த நிறுவனத்தின் தொடக்கம் அது. மண்ணெண்ணெய் மலிந்தது. லயத்துக் காம்பிராவின் இருளில் குப்பி விளக்குப் புகைந்தது.

அதற்கு முன்னமே புகையிரதம் மலையேறிவிட்டது. 1867ஆம் ஆண்டில் கண்டியை அடைந்த பாதை, 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலைகளைப் போர்த்திய காலம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஒரு சிறு புகையிரதப் பாதையும் இடப்பட்டது. மோட்டார் லொறி வீதியில் இறங்கியபின் அதனோடு போட்டியிட இயலாமல் 1940களில் அப்பாதை மூடப்பட்டது. மாட்டு வண்டியும் மலை இரயிலும் இருந்த இடத்தில் எண்ணெய் வண்டி அமர்ந்தது.

தோட்டத்தில் எண்ணெய் பங்கிடப்பட்ட முறையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். டீசல் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் போயிற்று. பெற்றோல் பங்களாவின் காருக்கும் ஜீப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போயிற்று. லயத்துக்கு வந்தது குப்பி விளக்கின் மண்ணெண்ணெய் மட்டுமே. பெற்றோலின் வேகத்தைத் தொழிலாளி அறிந்ததில்லை. நோயாளியைக் கம்பளியிற் கட்டித் தோளிற் சுமந்து மலைப்பாதையில் இறங்கியதையே அவன் அறிவான். பயன் மேலே நின்றது. பயன் தீர்ந்த மிச்சத்தைக் கான் கீழே கொண்டுவந்தது.

இந்நிலையை மாற்றுதற்கு வரலாறு சில வாய்ப்புகளைத் தந்தது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அமைச்சர் ரி. பி. இலங்கரத்னாவின் முயற்சியால், ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய அந்நிய நிறுவனங்களின் நிலையங்கள் பொதுவுடைமையாக்கப்பட்டன. அதற்குத் தண்டனையாக 1963ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கா தனது உதவியை நிறுத்திற்று. சின்னஞ்சிறு தீவொன்று எண்ணெய்க் கோமான்களை எதிர்த்து நின்ற அந்நாட்களை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். 1975ஆம் ஆண்டில் ஸ்ரேலிங் கம்பனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின.

எண்ணெயும் மக்களுடையதாயிற்று, தோட்டமும் மக்களுடையதாயிற்று. ஆனால் எந்த மக்கள்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட தொழிலாளர், அந்த ‘மக்கள்’ என்னும் சொல்லுக்குள் அப்பொழுது முழுமையாக அடங்கவில்லை. பெயர்ப்பலகை மாறிற்று. பங்களாவிலிருந்து பீலிக்குச் செல்லும் கான் மாறவில்லை. 1992ஆம் ஆண்டில் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றபோதும் அது அப்படியே இருந்தது.

பழைய பெற்றோல் அப்படி என்ன செய்துவிடும் என்று கேட்போர் உளர். நான்கைந்து லீற்றர்தானே, வெயிலில் ஆவியாகிப் போய்விடுமே என்பர். இக்கூற்றை விஞ்ஞானத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

பெற்றோல் ஒரே பொருளன்று. பலவகை ஐதரோக்காபன்களின் கலவை. வண்டி ஓடாமல் நின்றால் அவற்றுள் மெல்லியன முதலில் ஆவியாகின்றன. அவையே இயந்திரம் விரைந்து கிளம்ப உதவுவன. எஞ்சியவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடிப் பிசினாகத் தடிக்கின்றன. அப்பிசின் நுண்ணிய துளைகளை அடைத்துக்கொள்ளும். தாங்கியின் உட்புறத்தில் வியர்க்கும் நீர் அடியிலே தங்கித் துருவை உண்டாக்கும். சில மாதங்களிலேயே இம்மாற்றம் தொடங்கிவிடுகிறது. நிறம் கறுத்து, புளித்த வார்னிஷ் போல் நாறினால், அப்பெற்றோல் இயந்திரத்துக்கு உதவாது.

ஆனால் இயந்திரத்துக்கு உதவாத பெற்றோல் தீக்கு உதவும். இதைப் பலர் உணர்வதில்லை. ‘கெட்டுப்போனது’ என்றதும் அதன் ஆபத்தும் கெட்டுப்போயிற்று என எண்ணுகின்றனர். மண்ணெண்ணெய் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிட ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். பெற்றோலுக்கோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவு குளிரிலும் அது இயலும். நுவரெலியாவில் தைமாதத்து உறைபனி விழும் இரவிலும், மூடியில்லாத போத்தலிலிருந்து அவ்வாவி எழுந்துகொண்டே இருக்கும். காற்றைவிடப் பாரமானதாகையால் அது மேலெழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அடுப்பு எரியும் அறை பள்ளத்தில் இருந்தால் தீ தானே தேடி வரும்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கப்பட்ட காம்பிராக்கள். ஒரு காம்பிராவில் பற்றிய தீ அந்த வரிசை முழுவதையும் சாம்பலாக்கிய செய்தியை மலையகம் எத்தனை தடவை கேட்டுவிட்டது! பிள்ளைகளின் பாடப்புத்தகம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஒரு தலைமுறை சேர்த்த சிறு நகை யாவும் ஒரு மணி நேரத்தில் போய்விடுகின்றன. அத்தீக்களின் காரணம் பலவாக இருக்கலாம். அக்காரணங்களோடு ஒரு போத்தல் பெற்றோலையும் சேர்த்து வைப்பது அறிவுடைமையாகாது.

இனி நீரைப் பார்ப்போம். பெற்றோலில் பென்சீன் என்னும் பொருள் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகுத்துள்ளது. குடிநீர் ஒரு லீற்றரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் இருத்தலாகாது என்பது அந்நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஒரு லீற்றர் பெற்றோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்று கொண்டால், அது 8 கிராமுக்குச் சற்று மேல். அது முழுவதும் நீரிற் கலந்தால், அந்நீர் மேற்கூறிய அளவுக்கு இறங்க ஏறத்தாழ 8 இலட்சத்து 70 ஆயிரம் லீற்றர் நீர் வேண்டும். பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்பது உண்மையே. ஆயினும் மண்ணுள் இறங்கிய பகுதி நிழலில் ஒளிந்திருந்து, மழை பெய்யும்போதெல்லாம் சிறிது சிறிதாக ஊற்றுக்கண்ணை நோக்கி நகரும்.

பழைய வண்டிகளில் இன்னொரு நஞ்சும் மறைந்திருக்கக்கூடும். 1921ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார்க் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்தில், இயந்திரத்தின் தட்டொலியை அடக்க ஈயச் சேர்மம் ஒன்று கண்டறியப்பட்டது. 1924ஆம் ஆண்டில் நியூ ஜேர்சியில் அதனைத் தயாரித்த தொழிலாளருள் ஐவர் மூளை கலங்கி மாண்டனர். ஆயினும் விற்பனை நிற்கவில்லை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. ஆகவே 2002க்கு முன்னர் கொட்டகையில் தள்ளப்பட்ட வண்டியின் தாங்கி அடியிற் கிடக்கும் வண்டலை வெறும் அழுக்கென்று எண்ணிக் கையால் வழித்தெறிதல் தகாது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு இலங்கையில் எண்ணெய் வற்றியது. அவ்வாண்டு சூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோர்க்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. சூலையில் தேசிய எரிபொருள் அனுமதி என்ற குறியீட்டு முறை வந்தது. வண்டிக்கு இத்தனை லீற்றர் என வாரப் பங்கீடு நிலவிற்று. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில்தான் அது விலக்கப்பட்டது. வரிசையில் நின்றவர், கிடைத்ததைச் சேமிக்க முயன்றனர். வண்டியிலிருந்து உறிஞ்சி எடுத்துச் சோடாப் போத்தலிலும் தண்ணீர்க் கலனிலும் அடைத்துக் கட்டிலின் கீழ் வைத்தவர் உண்டு. தட்டுப்பாடு நீங்கியபின் அப்போத்தல்களுட் பல மறக்கப்பட்டன.

இங்கே ஒரு மாற்றத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். முற்காலத்தில் பெற்றோல் பங்களாவோடு நின்றது. இன்று லயத்து இளைஞன் தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கிறான். பின்பு வேலை தேடிக் கொழும்புக்கோ வளைகுடா நாட்டுக்கோ போகிறான். வண்டி லயத்தின் ஓரத்தில் படங்குபோட்டு மூடிக் கிடக்கிறது. அதன் தாங்கியில் பெற்றோல் பழசாகிறது. ஆகவே, நஞ்சு மேலிருந்து மட்டுமே வருகிறது என்று சொல்லி நாம் தப்பிக்க இயலாது. அது நம் வாசலிலும் இருக்கிறது.

வறுமை அதனை அடுப்பங்கரைக்கும் கொண்டுபோகக்கூடும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அத்தகைய நாளில், ‘இது வண்டிக்கு ஆகாது, அடுப்புக்காவது ஆகட்டும்’ என்று ஒரு தாய் எண்ணினால் அவளைப் பேதை என்று யார் சொல்ல வல்லார்? ஆனால் மண்ணெண்ணெய் அடுப்பிலும் குப்பி விளக்கிலும் பெற்றோலை இடுவது வெடிகுண்டைத் திரியிட்டு வைப்பதற்கு ஒப்பாகும். ஈர விறகைப் பற்றவைக்க அதனை ஊற்றுவதும் அவ்வாறே. இதனைச் சொல்லவேண்டிய இடம் பள்ளிக்கூடம், சொல்லவேண்டியவர் ஆசிரியர்.

அங்ஙனமாயின் இப்பழைய பெற்றோலை எங்கே கொடுப்பது? நகரத்தில் வாழ்வோன் நகரசபையைக் கேட்பான். கிராமத்தான் பிரதேச சபையைக் கேட்பான். தோட்டத்தான் யாரைக் கேட்பான்? வரலாறு இங்கேதான் தன் கொடிய முகத்தைக் காட்டுகிறது.

1930களின் இறுதியில் கிராமச் சங்கங்களுக்கு வாக்களிக்கும் உரிமை தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டது. அரைநூற்றாண்டு கழிந்து, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் பணத்தைச் செலவிட இடமில்லை என்றே நடைமுறையிற் கொள்ளப்பட்டது. தோட்டம் தனியார் நிர்வாகத்தின் நிலம். ஆகவே பாதையும் விளக்கும் குப்பையும் நிர்வாகத்தின் பொறுப்பு என்றனர். நிர்வாகமோ தேயிலையை மட்டுமே தன் பொறுப்பாகக் கொண்டது. தொழிலாளி சபைக்கு வாக்களித்தான். சபையின் குப்பை வண்டி தோட்ட எல்லையில் திரும்பிப் போயிற்று. 2018ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சேவை செய்யச் சபைகளுக்கு வழி திறந்தது. முப்பது ஆண்டுகள் மூடிக் கிடந்த கதவு அது. சாதாரணக் குப்பைக்கே வண்டி வராத இடத்தில், பழைய பெற்றோலுக்குக் கானைத் தவிர வேறென்ன வழி இருந்திருக்கும்?

நாட்டில் சட்டமே இல்லையா என்றால், உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உண்டு. அதன்கீழ் 2008ஆம் ஆண்டில் ஆபத்தான கழிவுகளை அட்டவணைப்படுத்தி, அவற்றைச் சேர்ப்போரும் ஏற்றிச் செல்வோரும் அழிப்போரும் உரிமம் பெறவேண்டும் என்று வகுத்த ஒழுங்குவிதிகளும் உண்டு. புத்தளத்துச் சீமெந்து ஆலையின் பெருஞ்சூளையில் இத்தகைய கழிவுகள் மிகுந்த வெப்பத்தில் எரிக்கப்பட்டு வந்துள்ளன. ஆலைகளும் பெருங்கம்பனிகளும் அவ்வழியை அறியும். ஜீப்பின் தாங்கியைக் காலிசெய்யச் சொல்லப்பட்ட முதியவர் புத்தளத்துக்கு எவ்வாறு போவார்? தாளிலுள்ள சட்டத்துக்கும் கையிலுள்ள வாளிக்கும் இடையே ஒரு பாலம் கட்டப்படவில்லை.

எண்ணெய் நிலத்தில் இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு வடக்கே ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. அங்கே இறங்கியது பெற்றோலன்று, மின்னிலையத்தின் கனத்த எண்ணெய். அங்குள்ள நிலம் சுண்ணாம்புக் கல், இங்குள்ளது மலைமண். எனினும் பாடம் ஒன்றே. மக்கள் போராடினர், வழக்கு உயர்நீதிமன்றம் ஏறிற்று. 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் நீதிமன்றம், அந்த மின் உற்பத்திக் கம்பனி கிணறு கெட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஊற்றியவன் பொறுப்பேற்கவேண்டும் என்னும் நீதி இந்நாட்டின் உச்ச மன்றத்திலே ஒலித்துவிட்டது. சுன்னாகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு சொந்தமாக இருந்தது. கிணற்றின் சொந்தக்காரன் வழக்காட முடிந்தது. பீலி எவன் பெயரிலும் இல்லை.

மலையகத்து நீர் மலையகத்தோடு நிற்பதுமில்லை. ஹட்டனைச் சூழ்ந்த மலைமுகடுகளின் ஒரு சரிவில் விழும் மழை மகாவலியை நோக்கிச் செல்கிறது. மறு சரிவின் மழை கெகெல்கமு ஓயாவழியே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கிக் களனி கங்கையாகிறது. களனியின் நீரை அம்பத்தலையில் எடுத்துத்தான் கொழும்பு குடிக்கிறது. அவ்வளவு தூரம் போகையில் நான்கு லீற்றர் பெற்றோல் காணாமற் கரைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தோட்டமும், ஒவ்வொரு வண்டி திருத்தும் கடையும் இதையே சொல்லிக்கொண்டு ஊற்றினால் கணக்கு மாறிவிடும். மேட்டுநிலத்துத் தொழிலாளியின் பீலியும் தலைநகரத்தின் குழாயும் ஒரே நீரின் இரு முனைகள்.

ஆகவே, செய்யத்தக்கன எவை? அறிந்தோர் கூறும் முறைகளைச் சுருக்கமாகத் தருவோம். ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லலாம்.

பழைய பெற்றோலைக் கானிலோ மண்ணிலோ மலகூடக் குழியிலோ ஊற்றலாகாது. திறந்தவெளியில் கொளுத்தலும் ஆகாது. வாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும். தவறி உள்ளே போன பெற்றோல் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே இடராகும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கைப்பம்பினால், பகல் வெளிச்சத்தில், வெட்டவெளியில், அடுப்பும் பீடியும் அண்டாத இடத்தில் எடுத்தல் வேண்டும். இறுக மூடும் மூடியுள்ள, எரிபொருளுக்கென்றே செய்த கலனைத் தரையில் வைத்து, விளிம்புவரை நிரப்பாமல் மேலே சிறிது இடம் விட்டு நிரப்பவேண்டும். குடிக்கும் பானத்தின் போத்தல் ஒருபோதும் கூடாது. குழந்தைக்கு அது பானமாகவே தெரியும். கலனின்மேல் ‘பழைய பெற்றோல்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, லயத்துக்குப் புறம்பே நிழலான இடத்தில் பூட்டி வைக்கவேண்டும். சிந்தியதை நீரால் கழுவாமல் மணலோ மரத்தூளோ இட்டு ஒற்றியெடுக்கவேண்டும். அந்த மணலும் கழிவே.

பெற்றோல் சில மாதங்களே பழையதாய், தெளிவு கெடாமல் இருந்தால், ஒரு பங்கைப் பல பங்கு புதிய பெற்றோலோடு கலந்து வண்டியிலேயே எரித்துவிடலாம். அதுவே சிக்கனமான வழி. கறுத்து வண்டல் விழுந்ததை, கழிவெண்ணெயைச் சேர்த்து உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கும் திருத்தகத்தில், முன்னரே கேட்டறிந்து கொடுக்கவேண்டும். காலியான தாங்கியை ‘ஒன்றுமில்லை’ என்று எண்ணி வெட்டவோ ஒட்டவோ முனைதல் மிகக் கொடிது. நிறைந்த தாங்கியைவிட, ஆவி நிறைந்த வெறுந்தாங்கியே எளிதில் வெடிக்கும்.

இவை தனிமனிதன் செய்யத்தக்கன. ஆனால் புத்திமதியோடு முடித்துவிடுவது, குற்றத்தை மறுபடியும் முதியவரின் தலையில் ஏற்றிவிட்டு நாம் வீடு திரும்புவதாகும். வண்டியும் கொட்டகையும் எவருடைய பொறுப்பில் உள்ளனவோ, அவரே அவற்றின் கழிவுக்கும் பொறுப்பு. தோட்டந்தோறும் பழைய எரிபொருளுக்கென ஒரு பூட்டிய இரும்புக் கலன் வேண்டும். அதனைக் காலந்தோறும் உரிமம் பெற்றவரிடம் அனுப்பும் செலவு நிர்வாகத்துடையது. 2018இல் திறந்த கதவினூடே பிரதேச சபையின் வண்டி லயம்வரை வரவேண்டும். தொழிற்சங்கங்கள் கூலிக்கும் வீட்டுக்கும் விடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் பீலியின் நீருக்கும் ஒரு வரி ஒதுக்கவேண்டும். கூலி உயர்ந்து, அந்தக் கூலியில் வைத்தியருக்குக் கொடுத்து ஓய்ந்தால் உயர்ந்ததன் பயன் யாது?

மலையகத்துப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமூகக்கல்விப் பாடத்தில் ஆறுகளின் பெயரை மனனம் செய்விக்கிறீர்கள். ஒரு நாள் மாணவரை அழைத்துக்கொண்டு, பங்களாக் கொட்டகையில் தொடங்கும் கானோடு கீழ்நோக்கி நடவுங்கள். அது எங்கே திரும்புகிறது, எந்த ஓடையிற் கலக்கிறது, எந்தப் பீலியில் வந்து விழுகிறது என்று அவர்களே கண்டு ஒரு படம் வரையட்டும். வண்டித் தாங்கியைக் காலிசெய்யும்படி அடுத்த தடவை கட்டளை வரும்போது, அந்தப் படத்தை விரித்து, ‘எங்கே ஊற்றச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்க அவர்களுள் ஒருவனுக்காவது துணிவு வரும்.